பச்சைப் புள்ளி தெரிகிறதா

மார்ச் 4, செவ்வாய்

மெஷின் இன்று காலையிலேயே மக்கர் பண்ணியது. யாரோ புண்ணியவான் நேற்று ஏசியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறை சூடானால் அதற்குக் கோபம் வந்துவிடும், படம் கலங்கலாக வரும். பத்து மணி வரை தாஜா பண்ணி, சோதனைக்கு என் கண்ணையே வைத்துப் பார்த்து, சரியான பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் என்னை முறைத்த முறைப்பை மெஷினைப் பார்த்து முறைத்திருக்கலாம்.

பழைய மெஷின்கள் விழித்திரையை மொத்தமாகப் படம் எடுக்கும். இது அதில் கடுகளவு இடத்தை எடுத்துக்கொண்டு, பார்வை தரும் செல்களை ஒவ்வொன்றாகக் காட்டும். நல்ல கண்ணில் அவை வெள்ளை வெள்ளையாக நெருக்கி அடுக்கியிருக்கும். செத்த இடம் இருட்டாக இருக்கும். அறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதிரிப் படம் என் இடது கண்ணுடையது. மெஷின் வந்த புதிதில் ஆள் கிடைக்காமல் என்னை உட்கார வைத்து எடுத்தார்கள். "நல்ல கண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று பெரிய டாக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.

நான் அதைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை தம்பி வருகிறான். அவன் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால்தான் அது மாட்டியிருக்கிறது. அப்பாவின் கண் நோய் அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. யாரும் உட்கார்ந்து பங்கு பிரிக்கவில்லைதான். ஆனாலும்.

மார்ச் 5, புதன்

அவன் வருவதற்கு முந்தின நாள் எப்போதும் இப்படித்தான். எதிலும் கை ஓடாது. எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

வலது கண்ணின் நடுப்பகுதி அவனுக்கு முப்பது வயதுக்குள் போய்விட்டது. ஓரத்தில் ஏதோ தெரியும்; எழுத்தும் முகமும் தெரியாது. மிச்சம் இருப்பது இடது கண். அதற்கு ஒரு மருந்து உண்டு. விழித்திரைக்கு அடியில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை போடும் ஊசி. செத்த செல்லை அது எழுப்பாது, இருப்பதைக் காப்பாற்றும். ஆனால் போடும்போதே கண் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் செல்கள் குறையத் தொடங்கும்வரை போடமாட்டார்கள். எல்லாம் குறைந்த பிறகு போட்டும் பிரயோஜனமில்லை. அந்த இடைவெளியைத் தவறவிடாமல் இருக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு படம்.

படம் எடுப்பது நான். வேறு யாருக்கும் இந்த மெஷினை ஓட்டத் தெரியாது.

மார்ச் 6, வியாழன்

குறையவில்லை!

பெரிய டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார். போன முறை நடுவில் திட்டுத் திட்டாகக் கொஞ்சம் இருட்டு இருந்தது. இந்த முறை அதுகூட இல்லை, வரிசை ஒழுங்காக இருக்கிறது. "இன்னும் ஒரு வருஷம் தாராளமா பொறுக்கலாம்"னு சொன்னார். ஊசி போடும் சர்ஜன் வெளியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார், இந்த ஏப்ரலில் வருவார். "இந்தத் தடவை உன் தம்பி பேர் வேண்டாம்" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் இல்லை.

படம் எடுக்கும்போதுதான் அவனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியை அசையாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் மெஷின் எடுக்கும். இவன் கண் அலைந்துகொண்டே இருந்தது.

"புள்ளி தெரியுதா?"

"இரு... ம், இப்ப தெரியுது. இல்ல, போயிடுச்சு."

"தெரியற மாதிரி பாருடா. எனக்கு இன்னும் எட்டு பேர் இருக்காங்க."

அப்புறம் ஒழுங்காகப் பார்த்தான். ஆறு படம், ஆறும் கண்ணாடி மாதிரி.

ஒன்றே ஒன்று. எல்லாப் படத்திலும் கீழ் மூலையில் ஒரு மெல்லிய கறுப்பு நூல். இமை மயிராக இருக்கும் என்று லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதிலும் இருந்தது. தூசிதான்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, ஒரு வருஷம் நிம்மதி" என்றாள். மூன்று பேரும் சத்தமாகச் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

தம்பி பேசும்போது என் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்மல் தொலைந்துவிட்டதோ என்று இரண்டு முறை தடவிப் பார்த்தேன். இருந்தது. "என்னடா?" என்றேன். "என்ன?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன். அக்கா பேச்சைக் கேட்கிற லட்சணம் இதுதான் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

லென்ஸை முழுதாகக் கழற்றித் துடைத்தேன். இன்று எடுத்த ஒருவர் படத்திலும் நூல் இல்லை. வியாழக்கிழமை மற்றவர்களுக்கு எடுத்ததையும் திறந்து பார்த்தேன். அவற்றிலும் இல்லை.

அப்படியானால் அது மெஷினில் இல்லை. அவன் கண்ணில் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அது ரத்தக்குழாய்.

இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம்: விழித்திரையின் நட்டநடுவில் ரத்தக்குழாய் கிடையாது. வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்று இயற்கை அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது. அதனால்தான் நடுவில் எடுக்கும் படத்தில் அடையாளத்துக்கு ஒன்றும் இருக்காது. இதுதான் நடு என்று நமக்குச் சொல்வது அந்தப் பச்சைப் புள்ளி மட்டும்தான். நோயாளி அதை நேராகப் பார்க்கிறார் என்கிற நம்பிக்கை மட்டும்தான்.

நூல் தெரிகிறது என்றால் அது நடு இல்லை. நடுவுக்குப் பக்கத்தில். அங்கே செல்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன, அதனால்தான் படம் அவ்வளவு அழகாக இருந்தது. செத்த செல் திரும்பி வராது என்று எனக்குத் தெரியாதா? இருட்டுத் திட்டு காணாமல் போனதைப் பார்த்தபோதே கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்க மனசு வரல, அதான் நிஜம்.

நடுப்பகுதி போகப் போக, கண் தானாகவே பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தால் பார்க்கப் பழகிவிடும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளி வேறு எதையாவது பார்ப்பார்கள்.

காதை.

மார்ச் 12, புதன்

மதியம் அரை நாள் லீவு போட்டு அவன் கடைக்குப் போனேன். செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே இருக்கும் போர்டில் கண்ணுக்கே தெரியாத துணுக்குகளை எடுத்து ஒட்டுவான், அதில் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. மேசையில் மைக்ராஸ்கோப் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. துண்டின் மேல் தூசி. முன்னால் முழுக்கக் கவர், சார்ஜர், இயர்போன்.

"போர்டு வேலை எடுக்கறதில்லையா?"

"யாருக்குக்கா ரிப்பேர் பண்ண பொறுமை இருக்கு? எல்லாரும் புதுசு வாங்கிடறாங்க."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உடைந்த போனோடு வந்தார். போர்டு போய்விட்டது, உள்ளே குழந்தை படமெல்லாம் இருக்கிறது, எப்படியாவது எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அடுத்த தெருக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினான். சொல்லும்போது அவருடைய தோளைப் பார்த்துச் சொன்னான்.

சார்ஜர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.

மார்ச் 13, வியாழன்

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. "பார்வைப் பலகையில ஒரு வரிதானே குறைஞ்சிருக்கு?" என்றார். பிறகு நூலைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நடுவிலேர்ந்து பெரிய குழாய் தெரியற வரைக்கும் எல்லாத் திசையிலயும் எடுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாத்தாதான் அவர் எங்க பாக்கறார்னு தெரியும். சர்ஜனுக்கு நான் திங்கக்கிழமை பேர் கொடுக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். துண்டு துண்டாகப் பத்து மடங்கு படம். ஒரு ஆளை அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். முடியும்.

தம்பிக்கு போன் பண்ணி, படம் சேமிக்கும்போது அழிந்துவிட்டது, மறுபடி வா என்றேன். "உன் மெஷினை எங்கிட்ட குடு, நான் சரி பண்றேன்" என்று கிண்டல் பண்ணினான். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி



அவனை உட்கார வைத்து, வலது கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்தேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை.

"டேய், நேரா பாரு. புள்ளி இருக்கோ இல்லையோ, நேரா."

"நேரா பாத்தா புள்ளி இருக்காதே."

சாதாரணமாகச் சொன்னான். இன்று வெயில் அதிகம் என்கிற மாதிரி.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. போன தடவைக்கு முந்தியே கொஞ்சம் அப்படித்தான். நேரா பாத்தா முழுங்கிடும். கொஞ்சம் தள்ளிப் பாத்தா வந்துடும்."

"ஏன்டா சொல்லல?"

தாடையைத் தாங்கியிலிருந்து எடுக்காமலேயே, வாய் சரியாகத் திறக்காமல் சொன்னான். "நீதானே அக்கா சொன்ன, தெரியற மாதிரி பாருன்னு. நான் தெரியற மாதிரி பாத்தேன். நீ சரியா இருக்குன்ன. சரி, இதுதான் முறை போலன்னு நினைச்சேன்."

நான் எழுந்து போய் ஏசியைப் பார்ப்பது போல் நின்றேன். இந்த அறையில் இருட்டில் என் முகம் அவனுக்குத் தெரியாது, நல்லவேளை. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் அந்த வார்த்தையை. எத்தனை வருடமாக. எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், தெரியற மாதிரி பாக்கச் சொல்லு, அப்பதான் கண் அசையாது. புள்ளி தெரியாதவனிடம் போய் தெரிகிற மாதிரி பார் என்றால் அவன் பாவம் வேறு என்ன செய்வான்?

"கடையில போர்டு வேலையை எப்ப விட்ட?"

"வயசாச்சுன்னு நினைச்சேன். படம் நல்லா இருக்குன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே, அப்புறம் என் கண்ணை நானே எப்படி சந்தேகப்படறது?"

படம் எடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு தடவைகூட அவன் அலுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்தது. இருட்டு எங்கே முடியும் என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

நடுப்பகுதியில் பாதிக்கு மேல் போய்விட்டது. கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு இருக்கிறது, அதன் ஓரம் அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே இருட்டு, கீழே வெள்ளை, நடுவில் ஒழுங்கில்லாத கரை.

"அடுத்த வருஷம் வரை அது இருக்காது" என்றார் பெரிய டாக்டர். "போட்டா இப்ப. ஆனா ஊசி போகிற இடம் அந்தத் துண்டுக்குக் கீழதான். அதுவே கிழிஞ்சுபோகவும் வாய்ப்பு இருக்கு. நான் மறைக்கல." பேரை எழுதிவிட்டார். அவனிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அடித்துவிடலாம் என்றார்.

பிறகு, "நானும் பாத்தேன் இல்ல, நானும்தான் நல்லா இருக்குன்னேன்" என்றார். பெரிய மனது. எனக்கு ஒன்றும் ஆறுதலாக இல்லை.

மார்ச் 19, புதன்

அவர்கள் வீட்டில் சொன்னேன். தம்பி மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள், உட்காரவில்லை.

"அன்னிக்கு நல்லா இருக்குன்னீங்க. இப்ப பாதி இல்லைங்கறீங்க. அடுத்த வாரம் என்ன சொல்வீங்க அண்ணி?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"அன்னிக்கு தப்பான இடத்தை எடுத்தேன். இப்ப சரியான இடத்தை எடுத்தேன். இதுக்கு மேல எப்படி சொல்றது?"

"அப்ப இதுவும் தப்பா இருந்தா? இப்ப இவரு நடக்கிறாரு, கடைக்குப் போறாரு, என் முகம் தெரியுது. ஊசி போட்டு இருக்கிறதும் போச்சுன்னா நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. கூட இருக்கப்போறது நான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதாவது எங்களில் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரை என்று தெரியவில்லை.

"படத்தைப் பாக்கணும்" என்றான்.

மார்ச் 20, வியாழன்

இருவரும் வந்தார்கள். பெரிய டாக்டரும் கூட இருந்தார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவன் மூக்கு ஒட்டும் அளவுக்குப் போய், தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணை அவன் கண்ணாலேயே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு திரும்பி, சுவரில் இருந்த என் படத்திடம் போனான்.

"இது யாரோடது?"

பெரிய டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். என்னுடையது.

நான் பயந்த கணம் இதுதான். இத்தனை வருடம் இதற்குத்தான் பயந்தேன். அவன் என்ன செய்தான் என்றால், மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, அக்காவுக்கு எவ்ளோ இருக்கு பாரு" என்று காட்டினான். சந்தோஷமாகக் காட்டினான். சொந்தக்காரரின் வீட்டைக் காட்டுகிற மாதிரி.

திரும்பத் தன் படத்திடம் வந்து அந்தப் பிறையில் விரலை வைத்தான். "இதாவது இருக்கட்டும். போடலாம்."

அவன் மனைவி போகும்போது, "அன்னிக்கு காலைல நீங்க வந்துடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 3, வியாழன்

உள்ளே போய்விட்டான். ஊழியர் என்றால் உள்ளே நிற்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். வெளியே அவளோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடுகிறாள். நான் இதை எழுதுகிறேன்.

சர்ஜன் வெளியே வந்து, "போட்டாச்சு. கிழியல" என்றார். மற்றது போகப் போகத்தான் தெரியுமாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். ஒரே மங்கல் என்கிறான். இந்த மங்கல் எதிர்பார்த்ததுதான் என்று அவளிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னும் மங்கல். தண்ணீர்க் குவளை என்று நினைத்து உப்பு டப்பாவை எடுத்தானாம். அவனே சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாது? அந்த நூலைத் தூசி என்றே விட்டிருந்தால் இன்று அவன் தண்ணீர் குடித்திருப்பான்.

இல்லை. அடுத்த வருடம் குடிக்க முடியாது. தெரியும். தெரிந்தும்.

மே 6, செவ்வாய்

போன் அடித்தான். "கதவு நம்பர் தெரியுதுக்கா." உடனே வைத்துவிட்டான்.

ஜூன் 20, வெள்ளி

முதல் படம். பெரிய குழாய்களிலிருந்து தொடங்கி உள்ளே வந்தேன், இனி எல்லோருக்கும் அப்படித்தான். வீக்கம் முழுதாக வற்றவில்லை, கரை சரியாகத் தெரியவில்லை. பெரிய டாக்டர் ஒன்றும் சொல்ல மறுத்துவிட்டார். செப்டம்பர் வரை பொறுக்க வேண்டும்.

புதிதாக ஒரு பயிற்சிப் பெண் வந்திருக்கிறாள். இன்று ஒரு நோயாளியிடம், "தெரியற மாதிரி பாருங்க சார்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, ஏன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தம்பி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். தாடையை வைத்தான்.

"நேரா பாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"நேரா பாத்தா பாதிப் புள்ளி இருக்கு. மேல் பாதி இல்ல."

"சரி. அப்படியே இரு."

படங்களை ஒட்டி மார்ச் மாதத்துப் படத்தின் மேல் வைத்தேன். நூல் நூலின் மேல் உட்கார்ந்தது. பிறையின் கரையை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு, பல்லுக்குப் பல். மறுபடி பார்த்தேன். கரை நகரவில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டு, அவன் மனைவியிடம் சொல்ல வெளியே போனார்.

நான் விளக்கைப் போட்டேன். தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, என் எதிரில் வந்து நின்றான். என் இடது காதைப் பார்த்தான்.

"அழுதியா?"

"இல்ல. விளக்கு போட்டேன்ல, கண் கூசுது."

"மூக்கெல்லாம் செவந்திருக்கு. பொய் சொல்லாத."

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் காதைப் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.